ஒருமுறைகூடக் கிளம்பாத கார்டு

வேதவல்லியின் மேசை இழுப்பறையில் ஒரு பாஸ்போர்ட்டும் ஒரு கிரெடிட் கார்டும் அடுத்தடுத்துக் கிடந்தன. கணவரோடு சிங்கப்பூர் போவதற்காக மூன்று வருடம் முன்பு அவள் வாங்கிய உசத்தி கார்டு அது. அதைக் காட்டினால் விமான நிலைய ஓய்வறையில் சாப்பாடுகூட இலவசம்.

"எப்போ கிளம்புவோம்?" என்று கார்டு கேட்கும்போதெல்லாம், "அடுத்த லீவுக்கு" என்று பாஸ்போர்ட் சொல்லும். ஒரு லீவில் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அடுத்த லீவில் கணவருக்கு முழங்கால் ஆபரேஷன்.

கார்டுக்கு இந்த வருடக் கட்டணம் கேட்டு மெசேஜ் வந்ததும் வேதவல்லி வங்கியைக் கூப்பிட்டாள். "நாங்க எங்கயும் போறதில்லைங்க. கட்டணம் இல்லாத சாதா கார்டா மாத்திக் குடுங்க." பேசி முடித்த பிறகும் போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

புதுக் கார்டு வந்த அன்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அந்த ஓய்வறை எப்படி இருக்கும்? இப்பவாவது சொல்லேன்" என்றது பழைய கார்டு.

"நானும் போனதில்லப்பா" என்றது பாஸ்போர்ட். "அடுத்த மாசம் என் தேதியும் முடியுது."

துண்டுகளைக் குப்பையில் போட்ட வேதவல்லி, பாஸ்போர்ட்டைப் பிரித்து வெறும் பக்கங்களைப் புரட்டினாள். பிறகு இழுப்பறையை மெதுவாகச் சாத்தினாள்.