ஜெபராணியின் குரல்

ஹாக்கி ஆடும் கல்லூரிப் பெண்களுக்குப் படிப்பு முடிந்தபின் ஒரு வழி காட்டி, வேலை வாங்கித் தருபவள் ஜெபராணி. எல்லாருக்கும் அவளால் நேரம் ஒதுக்க முடியவில்லை என்று, போன வருடம் கல்லூரி அவள் குரலிலேயே பேசும் வழிகாட்டி ஒன்றைச் செய்து ஒவ்வொருத்தி போனிலும் போட்டது. அவளும் சந்தோஷமாகச் சம்மதித்தாள்.

கோல்கீப்பர் இசக்கி கடலைமிட்டாயோடு வந்தாள்.

“நீங்க சொன்னபடியே பிசியோதெரபி சீட்டை வேண்டாம்னுட்டேன் மேடம். குடோன் வேலையில சேந்துட்டேன்.”

“நானா சொன்னேன்?”

இசக்கி போனைத் தட்டினாள். “அந்தப் படிப்பெல்லாம் உனக்கு எதுக்கும்மா? உன் உடம்பு வலுவுக்குச் சுமை தூக்குற வேலைதான் சரி” என்றது ஜெபராணியின் குரல், அவளைவிடக் கனிவாக.

ஜெபராணி கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டாள். அதிகாரி நாற்காலியை விட்டு எழவில்லை.

“குடோன் கம்பெனிதானே மேடம் அந்த வழிகாட்டிக்குச் செலவு பண்ணுது? இந்த வருஷம் எல்லாப் பிள்ளைக்கும் வேலை கிடைச்சாச்சு.”

“என் குரலை அதுலேர்ந்து எடுங்க.”

“நீங்கதான் எழுதிக் குடுத்துட்டீங்களே.”

ஜெபராணி வெளியே வந்து, அங்கே நின்ற இசக்கியின் கையைப் பிடித்தாள். “சாயங்காலம் வரைக்கும் சீட்டு இருக்கும். என் வண்டியில ஏறு, அந்தக் காலேஜ்ல நான் வந்து பேசுறேன்.”

இசக்கி கையை விடுவித்துக்கொண்டு போனிடம் கேட்டாள். “மேடம் கூப்பிடுறாங்க. போகவா?”

“அவங்க கோவத்துல இருக்காங்கம்மா. நீ ஷிப்டுக்குக் கிளம்பு.”

“இசக்கி, அது நான் இல்லட்டி” என்று ஜெபராணி தொண்டை கிழியக் கத்தினாள்.

“நீங்க ஒருநாளும் எங்கிட்ட இப்படிக் கத்துனதில்லையே மேடம்” என்று சொல்லிவிட்டு, இசக்கி வாசலில் வந்து நின்ற குடோன் வேனில் ஏறினாள்.