முகத்துவாரத்தில் மீன் இல்லை

“முகத்துவாரம் பக்கம் மீனே இல்ல சார். தண்ணி கலங்கிக் கீது. போனா பொழுதுதான் வீணு” என்றான் மாரி.

“பொங்கலுக்கு முன்னாடி அங்கதானேய்யா எட்டு கிலோ கொடுவா புடிச்சேன்?”

“அது அப்போ சார்.”

பரத்துக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு விடிந்தால் தூண்டிலும் கையுமாகப் பழவேற்காட்டில் இருப்பான். தின்பதற்கு அல்ல, பிடிக்கிற ஆசைக்கு. படகு எப்போதும் கோட்டைக்குப்பம் மாரியுடையதுதான். அந்த எட்டு கிலோ கொடுவாவோடு நிற்கிற படம்தான் இன்றைக்கும் அவன் வாட்ஸப் முகப்பு.

மாரி ஏரிக்குள்ளேயே ஐந்து மணி நேரம் சுற்றிக் காட்டினான். கிடைத்தது இரண்டு கெளுத்தி. அதுவும் விரல் நீளம்.

வெறுப்போடு கரை ஏறினால், ஏலம் போடுகிற இடத்தில் மாரியின் ஊர்க்காரி அமுதவல்லி கூடையைக் கவிழ்க்கிறாள். மூன்று கொடுவா! ஒவ்வொன்றும் கை நீளம்.

“எங்க புடிச்சதும்மா?”

“முகத்துவாரத்துலதான் சார். காலைல.”

பரத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

“என்னய்யா மாரி, மீனே இல்லன்னியே? இது வானத்துல இருந்து விழுந்துச்சா?”

மாரி தலையைச் சொறிந்தான். “தப்புதான் சார்.”

அவ்வளவுதான். ஒரு சமாதானமாவது சொல்லியிருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்ட உடம்பு வணங்கவில்லை என்று பரத் தானே முடிவு கட்டிக்கொண்டான். அங்கேயே நின்று, தூண்டில்காரர்கள் நூற்றிருபது பேர் இருக்கிற வாட்ஸப் குழுவில் தட்டினான்.

‘கோட்டைக்குப்பம் மாரி பொய் சொல்கிறான். மீன் இருக்கிற இடத்தை மறைக்கிறான். யாரும் அவன் படகில் ஏறாதீர்கள்.’

பத்தே நிமிடத்தில் மாரியின் போன் அடித்தது. “சரி சார்... பரவால்ல சார்.” வைத்ததும் மறுபடி அடித்தது. “அடுத்த வாரமும் வாணாமா? சரி சார்.” பிறகு வாளியை எடுத்துக்கொண்டு படகைக் கழுவப் போய்விட்டான்.

நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான் பரத்.

அமுதவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். “இன்னா சார், அவன் மேல கோவமா?”

“பொய் சொல்றான்மா.”

“இன்னிக்கு முகத்துவாரம் எங்க ஊட்டுப் பாடு சார். சீட்டு போட்டு, இன்னாருக்கு இன்ன நாளுனு ஊர்ல முறை வெச்சிகீறோம். முறை இல்லாதவன் அங்க தூண்டில்கூடப் போடக் கூடாது.”

“அதை நேரா சொல்றதுக்கென்ன? நான் என்ன சின்னக் குழந்தையா?”

“நேரா சொல்லித்தான் சார் கெட்டான். பொங்கலுக்கு முன்னாடி ஒரு சாருகிட்ட சொன்னானாம். ‘ஒத்தத் தூண்டில்ல உங்க ஏரி வத்திடுமா, ஓட்டுய்யா’ன்னாராம் அந்தாளு. இவனும் மறுத்துப் பேசத் தெரியாம ஓட்டிட்டான். ஊர் கூடி, இந்த வருசம் பூரா மாரிக்குப் பாடு இல்லன்னுட்டாங்க. வலைய மடிச்சு மேல போட்டுட்டான். உங்கள மாதிரி நாலு பேரு படகுல ஏறினாத்தான் அவன் ஊட்ல அடுப்பு எரியும்.”

அந்த ‘ஓட்டுய்யா’வைச் சொன்னது பரத்தின் வாய்தான். அன்று சொன்னதோடு மறந்தும் போயிருந்தான்.

“எந்த... எந்த சாருன்னு சொன்னானா?”

“அதான் இல்ல! ‘பேரைச் சொல்லு, அந்தாள இனிமே இந்தக் கரைல கால் வைக்க உட மாட்டோம்’னு கூட்டத்துல எவ்ளோ கேட்டாங்க. தெரியாதுன்னே நின்னான். அப்பால எங்கிட்டதான் சொன்னான், ‘பாவம்க்கா, மீனு ஆசையில அம்மாந்தூரம் வர்ற மனுசன்’னு.”

தூரத்தில் மாரி குனிந்து படகைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

எழுதியதை அழித்துவிடலாம் என்று பரத் அவசரமாகப் போனைத் திறந்தான். எல்லாரும் படித்து முடித்திருந்தார்கள். அடியில் யாரோ எழுதியிருந்தார்:

‘நல்லவேளை சொன்னீங்க பரத். இந்தக் காலத்துல உங்கள மாதிரி உண்மை பேச யார் இருக்கா!’