ஸ்டார்ட் ஆகாத பியட்

“இன்னிக்கும் ஸ்டார்ட் ஆகலப்பா!” பானெட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள் ரோஷினி.

நந்தகோபால் உதட்டைப் பிதுக்கினார். அவர் வாங்கிய முதல் கார் அந்தப் பழைய பியட். ஆம்பூர் தோலில் சீட்டு தைத்து, பெயின்ட் அடித்து, லீவு முழுக்க அப்பாவும் மகளும் அதோடு மல்லுக்கட்டியாயிற்று. கார் ஓடினால்தான் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்புவேன் என்று அவள் சபதம். நாளை மறுநாள் காலேஜ்.

துவைக்கத் துணி எடுத்த அம்மா பூர்ணிமா வாசலுக்கு வந்தாள். “இன்னாங்க, உங்க சட்டைப் பையில இஞ்சின் ரோட்டார் இருக்கு. இது இல்லாம வண்டி எப்படிக் கிளம்பும்?”

நந்தகோபால் அசடு வழிந்தார். “மாட்டினா... இவ போய்டுவாளே!”

“ஏமாத்தினியாப்பா?” ரோஷினி இடுப்பில் கைவைத்தாள்.

“நீ பேசாதடி!” பூர்ணிமா இன்னொரு கையை விரித்தாள். “உன் ஜீன்ஸ்ல கார்புரேட்டர் ஜெட்! இது இல்லாம இஞ்சினுக்குப் பெட்ரோல் எப்படிப் போகும்?”

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

“ரெண்டையும் மாட்டுங்க. வாராவாரம் இவளைப் போய்ப் பார்க்க வண்டி வேணாமா?”