ஒரு கிட்டாரும் இரண்டு பெட்டிகளும்

ரூத் கட்சி மாறிவிட்டாள் என்று ரமாபாய் முடிவு கட்டினாள்.

பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதி. அப்படிப்பட்டவள், ரகுபதிக்குத் தன் நாற்காலியைக் கொடுத்ததோடு நிற்காமல், அவர் சொன்னதற்கெல்லாம் தலையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ராயபுரத்தில் ரூத் வீட்டு மாடி அறை அது. பகலில் அவளுக்குத் துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸில் வேலை. மிச்ச நேரத்தில் இந்த அறையில் பாட்டுப் பதிவும் மிக்ஸிங்கும். கீழே தெருவில் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தபடியே போகும். ஆம்ப்ளிஃபயர் முன்னால் மைக் வைத்துக் கிட்டாரைப் பதிந்தால், பாட்டில் பாதி லாரிக்காரருக்குச் சொந்தமாகிவிடும். எனவே கிட்டாரின் ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும். பெட்டி பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் குரலைப் பாவனை செய்து, நேரே கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும்.

ரமாபாயின் பெட்டி மலிவானது. ரகுபதி கையோடு கொண்டுவந்திருந்தது வெளிநாட்டுப் பெட்டி. இரண்டும் செய்வது பாவனைதான். ஆனால் பாவனையிலும் சாதாரண வகுப்பு, முதல் வகுப்பு என்று உண்டல்லவா?

ரகுபதி அடையாறிலிருந்து வந்தவர். வடசென்னையின் அசல் ஓசையை ஆல்பமாகக் கொண்டுவருவது அவருடைய லட்சியம். ரமாபாயின் மெட்டு அவருக்குப் பிடித்தது. வாசிப்பும் பிடித்தது. பெட்டிதான் பிடிக்கவில்லை. இது பிளாஸ்டிக் ஓசை என்றார். மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாமா என்று ரூத் கேட்டதற்கு, மிக்ஸிங்கில் உப்புப் போடலாம், உயிர் போட முடியாது என்றார். ரமாபாய் இந்த வெளிநாட்டுப் பெட்டியில் வாசிக்கட்டும், முடியாதென்றால் கிட்டாருக்கு மயிலாப்பூரில் தன் ஆள் ஒருவர் இருக்கிறார் என்றும் சொன்னார்.

"அசல் ஓசை வோணும்னுதான சார் இம்மாந்தூரம் வந்தீங்க? என் அசலு இதுதான். வியாசர்பாடில எங்க வூட்ல குந்திகினு, இத்த வெச்சிதான் இந்தப் பாட்ட கட்னேன். பெட்டிய மாத்துனா அது என் பாட்டு இல்ல. நான் வாசிக்க மாட்டேன்" என்றாள் ரமாபாய்.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. நான் என்ன விலையைப் பார்த்தா பேசறேன்? காது சொல்லுது. காது பொய் சொல்லாது."

அப்போதுதான் ரூத் வாயைத் திறந்தாள். சார் சொல்வது நியாயம், காதிடமே விட்டுவிடலாம் என்றாள். ரமாபாயின் வாசிப்பு எந்தப் பெட்டியிலும் போகாமல் வெறுமையாக ஒருமுறை பதிவாகியிருக்கிறது. அதையே இரண்டு பெட்டிகளிலும் செலுத்திக் காட்டலாம். எது எந்தப் பெட்டி என்று சொல்லாமல் ஒலிக்கவிடலாம். சார் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதுதான் முடிவு. அவர் பெட்டி என்றால் மயிலாப்பூர்க்காரர் வாசிப்பார். ரமாபாயின் பெட்டி என்றால் அதற்கப்புறம் பேச்சு கிடையாது.

ரகுபதி சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

ரமாபாய் சிநேகிதியை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாடி, அந்தாளு பெட்டியப் பாத்ததும் மயங்கிட்டியா? என் பாட்ட ஏலம் வுட்டுகினு கீற?"

"உன் வாசிப்பு மேல உனக்கு நம்பிக்க கீதா இல்லியா?"

"கீது."

"அப்ப உள்ள வா."

தெரிந்துவிடக் கூடாதென்று ரூத் இரண்டு பெட்டிகளையும் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் நகர்த்தினாள். ரமாபாய் கிட்டாரைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலருகே நின்றாள். தோற்றால் அப்படியே இறங்கிவிடுவதாகத் திட்டம்.

முதலாவது ஒலித்தது. ரகுபதி கண்களை மூடிக்கொண்டார். இரண்டாவது ஒலித்தது. நாற்காலியின் நுனிக்கு வந்தார். மறுபடி இரண்டையும் போடச் சொல்லிக் கேட்டார்.

பிறகு தீர்ப்பு வந்தது. முதலாவது தட்டை, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல் இருக்கிறது. இரண்டாவதில் ஆழம் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்கிறது. நல்ல கருவி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் என்று ரமாபாயைப் பார்த்து அனுதாபத்தோடு சொன்னார்.

"சார், நீங்க எடுத்தது ரமாபாயோட பெட்டி" என்றாள் ரூத்.

கீழே ஒரு லாரி நிதானமாக ரிவர்ஸ் எடுத்தது.

ரகுபதியைக் குறை சொல்லக் கூடாது. வாக்கு மாறவில்லை. ரமாபாயே வாசிக்கட்டும், அவள் பெட்டியிலேயே வாசிக்கட்டும் என்றார். ரூத் அவருடைய பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, டீயை மிச்சம் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

ரமாபாய் கிட்டாரை இறக்கி வைத்தாள். ரூத்தைத் தப்பாக நினைத்துவிட்டதாக ஒரே வார்த்தையில் மன்னிப்புக் கேட்டாள். வெற்றியைப் பேசுவதற்குத்தான் நிறைய வார்த்தைகள் தேவைப்பட்டன.

"மொதல்ல ஓடுச்சே, அவரு பெட்டி, கேட்ட ஒடனே கண்டுபுடிச்சிட்டேன்டி. இன்னா கலீஜ் சவுண்டு அது? பொணம் பேசுனா மாதிரி. ரெண்டாவது வந்ததும் ஒடம்பு சிலுத்துச்சி, இது நம்புளுதுன்னு. அவரு காத ஏமாத்தலாம், என் காத ஏமாத்த முடியுமா?"

ரூத் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டும் உன் பெட்டிதான்டி. வித்தியாசம் தெரியணுமேன்னு ரெண்டாவதுல சத்தத்த ஒரு பொட்டு ஏத்தி வெச்சேன். அவரு பெட்டிக்கு நான் ஒயரே சொருகல."