ஒற்றை விரல் பேரம்

"வாருங்கள் அம்மா, உட்காருங்கள்" என்றது மடிக்கணினி.

மேசை வாங்க வந்த பல் டாக்டரம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். கல்லாவில் இருந்தவருக்கோ கட்டை மீசை. குரலோ செய்தி வாசிக்கும் ஒரு பெண்மணியுடையது.

"தொண்டையில ஆபரேஷன், டாக்டர். மூணு மாசம் வாயே திறக்கக் கூடாதுன்னு உத்தரவு" என்றாள் கடைக்காரரின் மனைவி. "டைப் பண்ணா அதுவே படிச்சுச் சொல்லும். இலவசம்தான்."

இலவசம் என்பது அந்தக் குடும்பத்தில் கெட்ட வார்த்தை. சும்மா கொடுப்பவனுக்குப் பின்னால் இன்னொருவன் பில்லோடு நிற்பான் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். அதனால் அந்த மென்பொருளைத் தேடி இணையத்தில் உஷாராகவே இறங்கினாள். வா வா என்று கூப்பிட்ட பச்சைப் பட்டன்கள் அத்தனையும் விளம்பரம். அசல் மென்பொருள், அதைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்தில், ஓரமாக, அடக்கமாக இருந்தது. நல்ல சரக்கு என்றைக்குக் கூவியிருக்கிறது? நிறுவும்போது கூடவே தொற்றிக்கொள்ளப் பார்த்த ஏதோ ஒரு சாமானை, டிக்கை எடுத்துத் துரத்தினாள்.

ஒரே ஒரு மனக்குறைதான். விலை பூஜ்யம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே எப்படிப் பேசிக் குறைப்பது?

தமிழுக்கு அதில் அந்தப் பெண்மணியின் குரல் மட்டுமே இருந்தது.

அன்று காலை அதைக் கேட்டு, ஊரிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். பேச முடியாதவர் கல்லாவில் உட்கார்ந்தால் கடை உருப்படுமா? வருஷக்கணக்காக வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும் அந்தப் பத்துப் பேர் மேசையை இன்றைக்குள் மாப்பிள்ளை விற்றுக் காட்டட்டும். இல்லையென்றால் நாளை முதல் கல்லாவில் அண்ணன், பின்னால் கிடங்கில் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை சட்டென்று தலையாட்டிவிட்டார்.

அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. முக்காலி கேட்டு வந்தவரைக் கட்டில், பீரோ, கண்ணாடியோடு அனுப்பிவைத்த வாய் அது. கிடங்கில் யாரோடு பேசும்?

டாக்டரம்மா அந்த மேசையைத்தான் தட்டிப் பார்த்தார். குனிந்து ஒவ்வொரு காலையும் கடைவாய்ப் பல்லைப் போலச் சோதித்தார். நிமிர்ந்தார்.

"கால்வாசி குறைச்சுக்கிட்டா எடுத்துக்கறேன்."

கடைக்காரர் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். எழுத்தைத் தேடினார். தட்டினார். அடுத்த எழுத்தைத் தேடினார்.

மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவின் பிழைப்பே, வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களோடுதான். அவர்களுக்கும் சேர்த்துத் தானே பேசிப் பழகியவர்.

"நல்ல மரம்தான். இல்லேன்னு சொல்லல."

விரல் நகர்ந்தது.

"சரி, கால்வாசி கொஞ்சம் அதிகம்தான். பார்த்துப் போடுங்க."

விரல் தப்பான எழுத்தில் விழுந்தது. கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"டாக்டர், நான் சொல்றேன்..." என்று அண்ணன் பாய்ந்தார். தங்கை அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"வேன் வேணாம், எங்க ஆளுங்களே வந்து தூக்கிப்பாங்க" என்றார் டாக்டரம்மா.

விரல் அந்தரத்தில் நின்றது.

"ஐயோ, நாளைக்கு வீடு நிறைய விருந்தாளிங்க வர்றாங்க. சீட்டுல போட்டிருக்கற விலையே போடுங்க, விடுங்க!"

விரல் இறங்கி, கடைசி எழுத்தைத் தட்டியது. செய்தி வாசிக்கும் பெண்மணி நிதானமாகக் கேட்டார்:

"டீ சாப்பிடுகிறீர்களா?"

டீயும் வந்தது, ஆட்களும் வந்தார்கள். மேசை வெளியே போனதும் கடைக்குள் வெளிச்சம் வந்தது. அண்ணன் ஒரு மூலையைத் தாங்கியபடி, "மாப்ள, அந்தச் சாமானை எனக்கும் ஒண்ணு ஏத்திக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினார்.

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதுல இன்னொண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். அடிக்கடி சொல்றதையெல்லாம் முன்னாடியே எழுதி வெச்சுட்டா, ஒரே தட்டுல சொல்லிடும். 'கட்டுப்படியாகாது', 'அசல் தேக்கு', எல்லாம். இனிமே நீங்க இப்படித் தடவவே வேணாம்."

அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

"வேகம் எதுக்குடி?"

கரகரத்த குரல். கொஞ்சம் இளைத்திருந்தது. ஆனால் அவருடையது.

மவுஸ் அவள் கையிலிருந்து நழுவி வயரில் தொங்கி ஆடியது.

"ஆஸ்பத்திரியில நேத்தே பேசலாம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அவள் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னொரு தடவை பேசுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆள்காட்டி விரலைத் தூக்கினார். எழுத்தைத் தேடினார்.

"என்னங்க, ஒரே ஒரு வார்த்தை."

விரல் தேடிக்கொண்டேயிருந்தது.

"அண்ணனை நானே ஊருக்கு அனுப்பி வெச்சிடறேன்."

ஒரு எழுத்தைத் தட்டினார். அதையும் அழித்தார்.

"சரி, நீங்க ஆசைப்பட்ட மாதிரி ஞாயித்துக்கிழமையும் கடையைத் திறந்துக்கங்க, போங்க!"