பின்னால் வீசிய பந்து

"என் முதுகுல ஒன்பது பேர், தோள்ல நடுவர். கண்ணை மூடிக்கிட்டுப் பின்னால வீசினேன். பந்து இவன் நெஞ்சுல போய் உக்காந்துச்சு!" என்று பக்கத்தில் இருந்த விருந்து நாயகரைக் காட்டி அளந்துவிட்டார் குலசேகரன். இன்ஜினியர் தேவசகாயத்தின் ஓய்வு விருந்து குலுங்கிச் சிரித்தது.

"தரையிலதான்டா போட்டே" என்றார் தேவசகாயம். நாற்பது வருடமாக இதையே கேட்டுக் கேட்டு குலசேகரனுக்கே சந்தேகம் வந்திருந்தது.

அமெரிக்கன் ஃபுட்பாலில் பின்னால் வீசிய பந்து கீழே விழுந்தால் யாரும் எடுக்கலாம். அமெரிக்காவில் இருவரும் ஒரே பக்கம் ஆடிய அந்த ஆட்டத்தில் எதிரணி எடுத்தது. தப்பாக வீசினார் என்று கல்லூரி அணியிலிருந்து துரத்தினார்கள். ஆட்டத்துக்காகக் கிடைத்த உதவித்தொகையும் படிப்பும் கூடவே போயின. குலசேகரன் டாக்சி ஓட்டப் போனார்.

"அதனாலென்ன? டாக்சியையும் ரிவர்ஸ்லயே ஓட்டினேன், நாலு லட்சம் மைல்!"

எல்லோரும் சிரித்தார்கள். தேவசகாயம் தட்டைத் தள்ளிவைத்தார்.

"நெஞ்சுக்குத்தான் வந்துச்சு மாப்ளே. ரெண்டு தடியனுங்க ஓடி வந்தானுங்க. நான்தான் கையை இழுத்துக்கிட்டேன்."