மார்ச்சுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை

"இந்தத் தடவையும் பையன் வரலியாம்மா?" என்று கேட்டார் டாக்டர் பாஸ்மினோ.

"எங்க வர்றான் டாக்டர்," என்றாள் சொய்லா. ஈரப் பாவாடையை முழங்காலோடு ஒதுக்கிக்கொண்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆற்றின் மேல்பக்கத்துக் கிராமத்திலிருந்து துடுப்புப் படகில் மூன்று மணி நேரம். மாதம் தவறாமல் முதல் செவ்வாய்க்கிழமை வந்துவிடுவாள்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். ஆதெல்மோ காய்செதோ, வயது பத்தொன்பது. மலைநாட்டிலிருந்து இந்தக் கடலோர ஊருக்கு வந்த நான்கு வருடத்தில் அவர் புதிதாகக் கண்டுபிடித்த வலிப்பு நோயாளிகள் நாற்பத்தொரு பேர். அவர்களுக்கு என்ன ஆயிற்று, எத்தனை பேருக்கு மருந்து கேட்டது என்று அடுத்த மாதம் தலைநகரில் ஒரு கூட்டத்தில் பேச அவரை அழைத்திருந்தார்கள். நாற்பத்தொன்றில் சிலர் பாதியில் மாத்திரையை விட்டார்கள். சிலருக்கு இரண்டு மருந்து மாற்றியும் நிற்கவில்லை. ஆதெல்மோவின் பெயரைத்தான் பட்டியலில் முதலில் எழுதி வைத்திருந்தார்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"நாங்க உங்ககிட்ட வந்தோமே, ரெண்டு வருஷம் முன்னால மார்ச்சு மாசம். அந்த வாரம் வந்ததுதான். அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல."

"தூக்கத்துல? வாயில நுரை, நாக்கைக் கடிச்சுக்கிறது, கை கால் வெட்டி வெட்டி இழுக்கறது?"

"அசையாமத்தான் தூங்கறான்."

"மாத்திரையை விடாம சாப்பிடறானா?"

"எங்க வீட்டுல ஒரு மாத்திரைகூட மிஞ்சினதில்ல டாக்டர்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப நல்ல சேதி சொல்றேன், கேட்டுக்கங்க. மொதல்ல கொடுத்த மாத்திரையே பிடிச்சிட்டுது. பாதிப் பேருக்குத்தான் அந்தக் கொடுப்பினை. ரெண்டு வருஷம் முழுசாத் தாண்டியாச்சு. இனி கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடலாம்."

கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தார். மற்ற தாய்மார்கள் அப்படித்தான் செய்திருந்தார்கள். சொய்லாவின் முகமோ தொங்கிப்போயிற்று.

"நிறுத்திடாதீங்க டாக்டர்."

"பயப்படாதீங்கம்மா. திடீர்னு நிறுத்தப் போறதில்ல."

"குறைக்கவும் வேணாம். முடிஞ்சா கொஞ்சம் கூட்டிக் குடுங்களேன்."

"வலிப்பே வராதவனுக்கு எதுக்குக் கூட்டணும்? நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

மருந்து அலமாரியருகே நின்ற நர்ஸ் மிரியம் திரும்பாமலே சொன்னாள்: "சொய்லாக்காவுக்குச் சந்தையில கடை போடற நெனப்பு வந்துட்டுது போல. மேல் ஊர்கள்ல இந்த மாத்திரையை உருப்படிக் கணக்குல விக்கிறாங்களாமே, டாக்டர்."

"வாயை அடக்கிப் பேசு மிரியம்," என்றாள் சொய்லா. குரல் உயரவில்லை. ஆனால் பதிலாக வேறொன்றும் சொல்லவும் இல்லை.

டாக்டரின் சிரிப்பு மறைந்தது. இரண்டு வருடமாகப் பையனைக் கண்ணால் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நண்டு பிடிக்கப் போயிருக்கிறான், படகுக்கு ஆள் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம்.

"சனிக்கிழமை தடுப்பூசிப் படகு உங்க ஊருக்கு வருது. நானும் வர்றேன். அவனைப் பார்த்து, எடை போட்டு, அப்புறம் முடிவு பண்ணலாம்."

"வீட்டுல இருக்க மாட்டான்."

"எங்க இருப்பானோ அங்கேயே வந்து பாக்கறேன்."

சொய்லா மிரியம் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அவளை வெளிய போகச் சொல்லுங்க," என்றாள்.

டாக்டர் தலையசைத்தார். மிரியம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"மாத்திரை என் பொண்ணு நர்சிசாவுக்கு," என்றாள் சொய்லா. "அண்ணனுக்கு வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாலயே அவளுக்கும் வர ஆரம்பிச்சிட்டுது. இப்பவும் மாசத்துக்கு ரெண்டு தடவையாவது விழறா."

"அவளை ஏம்மா என்கிட்ட கூட்டிட்டு வரல?"

"இறால் ஆலையில வேலை பாக்கறா. கத்தி பிடிக்கிற வேலை. வருஷா வருஷம் சுகாதார அட்டையில நீங்கதானே கையெழுத்துப் போடறீங்க? அவ பேரு இந்த நோட்டுல ஏறினா போடுவீங்களா?"

டாக்டர் போட்டிருக்க மாட்டார்.

"அதனாலதான் அவன் பேருல வாங்கி ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்னு நெனச்சோம்."

"பங்கா? பாதி மாத்திரை யாருக்கும்மா கேக்கும்? அவ விழறா, சரி. அதே பாதியைத் தின்னுட்டு அவனுக்கு மட்டும் எப்படி நின்னுச்சு?"

"அவன் ஒரு மாத்திரைகூடத் தின்னல டாக்டர்," என்றாள் சொய்லா. "மொதநாள் நோட்டுல பேரை எழுதிட்டு, மாத்திரை தீந்துபோச்சு, அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்கன்னு அனுப்பினீங்க, ஞாயித்துக்கிழமை படகுல வலிப்பு வந்து ஆத்துல விழுந்தவனைத் திங்கக்கிழமை அடக்கம் பண்ணிட்டு, நீங்க சொன்ன செவ்வாய்க்கிழமை நான் மட்டும் வந்தேன்."